கோலத்துக்கு வந்த கடிதம்

2022ஆம் ஆண்டு மார்கழியில் அம்மா எங்களோடு இருந்தார். திருநெல்வேலியிலிருந்து புறப்படும்போது பருப்புப்பொடிக்கும் வற்றலுக்கும் நடுவே, செய்தித்தாளில் சுற்றிய இரண்டு காவிக்கட்டிகளையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் வீட்டின் முன்வாசல், ஆறடிக்கு எட்டடி அளவில் கூரை போட்ட ஒரு சிமென்ட் தளம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மா தன் ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் குளிர்கோட்டையும் மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரால் அந்தத் தளத்தைத் துடைத்து, அரிசிமாவில் படிக்கோலம் போட்டு, நாற்புறமும் காவி இழுப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய உறைபனி நாட்களில் மட்டும், தெளித்த நீர் கண்ணாடிபோல் உறைந்து வழுக்கும் என்பதால், உலர்ந்த தரையிலேயே மாவைத் தூவினார்.

பொங்கலுக்குச் சில நாட்களுக்கு முன்பு, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய பதிவுத் தபாலாக ஒரு கடிதம் வந்தது. எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்காக, இங்கே எல்லோரும் எச்ஓஏ என்று சொல்லும் அந்தச் சங்கத்துக்காக, அதன் நிர்வாக நிறுவனம் அனுப்பியிருந்தது. வீட்டின் வெளிப்புறத் தளத்தில் முன்அனுமதி இன்றி வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்றும், குறித்த நாளுக்குள் அதை நீக்கித் தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்றும், தவறினால் அபராதம் விதிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. கூடவே ஒரு புகைப்படம். காருக்குள் இருந்தபடியே எடுத்தது என்பது ஓரத்தில் தெரிந்த கண்ணாடிச் சட்டத்திலிருந்து புரிந்தது. படத்தில் அம்மாவின் கோலம் பாதிதான் விழுந்திருந்தது. காவிப் பட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

நான் படித்துச் சொன்னதைக் கேட்ட அம்மா, கையிலிருந்த மாவுக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, நம்ம வாசல்ல கோலம் போட நாம யார்கிட்ட கேக்கணும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது விடை தெரியவில்லை. அந்த வீட்டில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தும் தெரியவில்லை என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

2015இல் வீடு வாங்கியபோது, க்ளோசிங் என்னும் பத்திரம் முடிக்கும் நாளில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, என் கணவரும் நானும் மாறிமாறிக் கையெழுத்துப் போட்டோம். கடன் பத்திரம், வரி, காப்பீடு, நில அளவை என்று வந்துகொண்டே இருந்த தாள்களில், சங்கத்தின் விதிகளைப் பெற்றுக்கொண்டோம் என்ற ஒப்புதலும் ஒன்று. டிக்ளரேஷன் என்று இங்கே சொல்லும் அந்த மூலப் பத்திரம் எண்பது பக்கங்களுக்கு மேல் இருந்தது. எல்லா இடத்திலும் உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று எங்கள் வீட்டுத் தரகரான ரியல்டர் சொன்னார். நாங்களும் நம்பி வாங்கிக் கோப்பில் வைத்தோம். கடிதம் வந்த இரவுதான் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

நகராட்சியின் சட்டத்தைப்போல மேலிருந்து நம்மேல் வந்து விழுவதில்லை இந்தப் பத்திரம். நிலத்தைப் பிரித்து மனைகளாக்கிய நிறுவனம், முதல் மனையை விற்பதற்கு முன்பே, இந்த மனைகள் எல்லாம் இன்னின்ன கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை என்று எழுதி, மாவட்டம் போன்ற கவுண்ட்டியின் அலுவலகத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பின் அந்த மனையை யார் வாங்கினாலும் கட்டுப்பாடும் சேர்ந்தே வரும். ஒரு நிலத்தின் பேரில் கொடுத்த வாக்கு, அதை அறிந்து வாங்கிய அடுத்த உரிமையாளரையும் பிடிக்கும் என்று 1848இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தைப் பற்றிய வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றம் சொன்னது. எங்கள் தெருவில் எந்தச் செடி வைக்கலாம், வேலிக்கு என்ன நிறம், குப்பைத்தொட்டி எத்தனை மணிக்குள் உள்ளே போகவேண்டும் என்பதெல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்து வந்தவை.

அதே வேரிலிருந்து வேறொன்றும் முளைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்த நாட்டின் ஊர் ஊராக, கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் யூதருக்கும் விற்கக்கூடாது, குடிவைக்கக்கூடாது என்று இதே வகைப் பத்திரங்களில்தான் எழுதி வைத்தார்கள். 1948இல் செயின்ட் லூயிஸ் நகர வழக்கு ஒன்றில், அப்படிப்பட்ட நிபந்தனையை நிறைவேற்ற நீதிமன்றங்கள் துணைபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் அதை முற்றாகத் தடைசெய்தது. ஆனாலும் பழைய பத்திரங்களில் அந்த வரிகள் அப்படியே கிடந்தன. அவற்றை நீக்கக் கேட்கும் எளிய வழியை டெக்சஸ் 2021இல்தான் சட்டமாக்கியது. எங்கள் குடியிருப்பு இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது. எங்கள் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும், என் நிறத்தவர் குடியேறுவதைத் தடுக்க ஒரு காலத்தில் பயன்பட்ட கருவியின் வழித்தோன்றல் ஒன்றைத்தான் நான் படிக்காமல் வாங்கிவைத்தேன் என்று தெரிந்தபோது, அந்தக் கோப்பை வேறு கண்ணால் பார்த்தேன்.

சங்கத்துக்கு நாங்கள் கட்டும் கட்டணத்தின் கதைக்கு வருகிறேன். எங்களுடையது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் தொகை. நாங்கள் வந்தபோது 540 டாலர். வீட்டுக் கடனின் மாதத் தவணையோடு சொத்துவரிக்கும் காப்பீட்டுக்கும் எஸ்க்ரோ என்னும் தனிக்கணக்கில் பணம் பிடிக்கிறார்கள் அல்லவா, சங்கக் கட்டணமும் அதில் அடங்கும் என்று நினைத்துக்கொண்டோம். அது அதில் சேராது. நாமே தனியாகக் கட்டவேண்டும். புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் இந்த ஓர் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரண்டாம் ஆண்டு நாங்களும் சறுக்கினோம். தாமதக் கட்டணம், நினைவூட்டல் கடிதத்துக்கு ஒரு கட்டணம், வட்டி என்று ஏறியிருந்தது. தொகை பெரிதில்லை, ஒரே நாளில் கட்டி முடித்தோம். அது எங்கே போய் நின்றிருக்கக்கூடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

டெக்சஸில் குடியிருக்கும் வீட்டுக்குப் பெரிய பாதுகாப்பு உண்டு. மாநில அரசமைப்பே அதைக் கடன்காரர்களிடமிருந்து காக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கிக்காக யாரும் வீட்டைப் பறிக்க முடியாது. ஆனால் சங்கப் பாக்கிக்காகப் பறிக்கலாம் என்று 1987இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் எளிது: நீங்கள் குடியேறி அது உங்கள் இல்லம் ஆவதற்கு முன்பே, பதிவான பத்திரத்தின் வழியாகச் சங்கத்தின் உரிமை அந்த மனைமேல் ஏறிவிட்டது. பின்னால் வந்த பாதுகாப்பு முன்னால் வந்த உரிமையை அழிக்காது.

அந்தத் தீர்ப்பின் விளைவை இரண்டு வீடுகளின் கதை சொல்லும். 2001இல் ஹூஸ்டனில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீடு, ஆயிரம் டாலரை எட்டாத பாக்கிக்காக ஏலத்துக்குப் போனது. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர் பெறும் அந்த வீடு ஐயாயிரம் டாலருக்குக் கைமாறியது. மாநிலமே கொதித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் சொத்துச் சட்டத்தில் 209ஆம் அத்தியாயத்தைச் சேர்த்தது. வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலம் விடக்கூடாது, கட்டணப் பாக்கிக்காக ஏலம் போனாலும் 180 நாட்களுக்குள் உரிமையாளர் மீட்டுக்கொள்ளலாம் என்ற விதிகள் அதிலிருந்துதான் வந்தன. மற்றொரு வீடு எங்களுக்குப் பக்கத்திலேயே, ஃபிரிஸ்கோவில். ஒரு படைவீரர் ஈராக்கில் பணியில் இருந்தபோது, 2008இல், சில நூறு டாலர் பாக்கிக்காக அவருடைய வீடு ஏலம் போனது. மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, சில ஆயிரத்துக்கு. எச்சரிக்கைக் கடிதங்கள் அந்த வீட்டில் பிரிக்கப்படாமலே கிடந்தன. போரில் இருப்பவரைக் காக்கும் கூட்டரசுச் சட்டத்தை முன்வைத்து வழக்காடி, சமரசத்தில் அவர் வீட்டைத் திரும்பப் பெற்றார். 2010இல் நாடே பேசிய இந்தச் செய்திக்குப் பின், 2011 சட்டமன்றத் தொடரில் மேலும் பல திருத்தங்கள் வந்தன.

அந்தத் திருத்தங்களில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கட்டும் பணத்தைச் சங்கம் எந்த வரிசையில் வரவு வைக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது: முதலில் பழைய கட்டணப் பாக்கி, அடுத்து நடப்புக் கட்டணம், அதன்பின் வக்கீல் செலவு, அபராதம் அதற்கும் பின்னால். கேட்பதற்குக் கணக்குப்பிள்ளையின் விவரம்போல இருக்கும். ஆனால் வரவை முதலில் அபராதத்திலும் வக்கீல் செலவிலும் கழித்தால், கட்டணம் கட்டாமல் நிற்பதுபோலவே ஏட்டில் தெரியும். கட்டணம் நின்றால் வீட்டின்மேல் கை வைக்கலாம். வரவு வைக்கும் வரிசையை மாற்றியே ஒரு குடும்பத்தின் வீட்டை ஆபத்தில் நிறுத்த முடிந்தது. இப்போது அந்த வழி அடைபட்டிருக்கிறது. பாக்கி வைத்தவர் கேட்டால், பதினான்கு மனைகளுக்கு மேற்பட்ட சங்கம் எதுவும் குறைந்தது மூன்று மாதத் தவணை கொடுத்தாகவேண்டும் என்பதும், நீதிமன்ற ஆணை இல்லாமல் ஏலம் கூடாது என்பதும் அதே தொடரில் வந்தவைதான். இவற்றை எந்த எச்சரிக்கைக் கடிதமும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

கோலத்துக்கும் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. சமய நம்பிக்கையின்பேரில் வீட்டில் வைக்கும் பொருளைச் சங்கம் தடுக்கக்கூடாது என்று 2011இல் டெக்சஸ் விதித்தபோது, அது வாசற்கதவுக்கும் நிலைக்கும் மட்டுமே பொருந்தியது. எல்லாம் சேர்த்து 25 சதுர அங்குலத்துக்குள், அதாவது ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலச் சதுரத்தின் பரப்புக்குள் இருக்கவேண்டும். ஒரு மாவிலைத் தோரணம்கூட அதில் அடங்காது. யூதர்கள் கதவுநிலையில் பதிக்கும் மெசூசா என்ற சிறு பேழையை மனத்தில் வைத்து அமைத்த அளவாக அது எனக்குத் தோன்றியது. அந்தப் பேழைக்காகச் சிகாகோவில் ஒரு குடும்பம் தன் குடியிருப்புச் சங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணைக்கான உரிமையை வென்றது. 2021 மே மாதம் டெக்சஸ் அந்த அளவையும் கதவு என்ற எல்லையையும் நீக்கி, வீட்டுக்காரர் தம் மனையின் எந்தப் பகுதியிலும் வைக்கலாம் என்று விரித்தது. விலக்குகள் சில உண்டு. சங்கத்தின் பொது இடத்தில் கூடாது. தெருவோரத்தில் நகராட்சிக்கு உள்ள பாதை உரிமைக்குள்ளும், கட்டடம் தாண்டக்கூடாத எல்லைக்கோட்டுக்கு வெளியிலும் கூடாது. பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு கூடாது. நான் நில அளவைத் தாளை விரித்து, எங்கள் முன்வாசல் தளம் எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நாலடி உள்ளே இருந்தது.

விசாரணை வேண்டும் என்று முப்பது நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், கேட்டதிலிருந்து முப்பது நாட்களுக்குள் சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு நேரில் கேட்டாகவேண்டும். அதற்குப் பத்து நாட்கள் முன்பு, தன்னிடம் உள்ள ஆதாரங்களை நமக்கு அனுப்பவேண்டும். இந்தப் பிந்தைய விதி 2021 செப்டம்பரில் வந்தது. எனக்கு வந்த ஆதாரக் கட்டில் மூன்று புகைப்படங்கள் இருந்தன. வெவ்வேறு தேதிகள், மூன்றும் காருக்குள்ளிருந்து எடுத்தவை. மூன்றிலும் கோலம் வேறுவேறு. ஒருமுறை பூசிய வண்ணம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறும் என்று அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும் தோன்றியிருக்கும். யாரும் அப்படி வைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை, நீச்சல்குளத்தை ஒட்டிய சிறு அறையில் விசாரணை நடந்தது. ஐந்து பேர் இருக்கவேண்டிய போர்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மற்ற இரு இடங்களுக்கும் ஆண்டுக்கணக்கில் யாரும் நிற்கவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற பெரியவர், எங்கள் தெருவுக்கு மூன்றாம் தெருக்காரர். சட்டப் பிரிவின் நகலையும் நில அளவைத் தாளையும் மேசையில் வைத்துவிட்டு, ஒரு சிறு டப்பாவில் கொண்டுபோன அரிசிமாவை அவர் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். தினமும் அழிந்து தினமும் போடப்படுவது என்று சொன்னேன். இது சமயம் சார்ந்ததா, அலங்காரமா என்று மற்றொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி; சட்டம் காப்பது சமய நம்பிக்கையைத்தான். கிளம்பும் முன்பு அம்மாவிடம் நான் இதையே கேட்டிருந்தேன். "லட்சுமி வர்றதுக்கும் போடுதோம், எறும்பு திங்கறதுக்கும் போடுதோம். ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். முன்வாசல் கோலத்துக்குத் தடை இல்லை, கார் ஏறிவரும் டிரைவ்வேயின் கீழ்ப்பகுதியும் நடைபாதையும் நகராட்சியின் பாதை உரிமையில் வருவதால் அங்கே கூடாது, கடிதம் திரும்பப் பெறப்படுகிறது என்று முடிவாயிற்று. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர் அதன்பின் பேசியதுதான் என்னை நெடுநாள் வேலை வாங்கியது. நிர்வாக நிறுவனத்தின் ஆள் இரு வாரத்துக்கு ஒருமுறை காரில் சுற்றிப் படம் எடுக்கிறார். அவருக்கு இப்படி இன்னும் பல குடியிருப்புகள். படம் பார்த்துக் கடிதம் தயாரிப்பவர் வேறு அலுவலகத்தில் இருக்கிறார். போர்டுக்கு மாத முடிவில் எண்ணிக்கை மட்டும் வருகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 412 வீடுகளில் 42 வீடுகள் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான வருகை. கடந்த முறை, வராதவர்கள் எழுதிக் கொடுத்த ப்ராக்ஸி வாக்குகளும் சேர்த்து 23. கூட்டத்தை ஒத்திவைத்து, பாதிக் கோரம் போதும் என்ற விதியின்கீழ் மறுபடி கூட்டித்தான் தேர்தலை நடத்தியிருக்கிறார்கள். இங்கே பார்க்க ஆள் இல்லை என்று அவர் சொன்னபோது அவர் குரலில் அலுப்பு இருந்தது. எங்கள் குடியிருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீடு இந்தியக் குடும்பத்தினுடையது. அந்த 23இல் எங்கள் வீடும் இருக்கவில்லை.

அந்த ஆண்டே காலியாக இருந்த ஓர் இடத்துக்கு நின்றேன். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

உள்ளே போனபின் கட்டணத்தைப் பற்றிய என் எண்ணம் மாறியது. ஒரு குடியிருப்பு எழும்பும்போது, தெருவோர மதில், மழைநீர் தேங்கும் குளம், பூங்கா, விளக்கு எல்லாவற்றையும் கட்டும் பொறுப்பை நகராட்சி மனை நிறுவனத்திடம் விடுகிறது. பராமரிக்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழுகிறது. நகராட்சிக்குரிய சொத்துவரியை மட்டும் நாம் முழுதாகக் கட்டுகிறோம். 1970இல் நாடு முழுவதும் பத்தாயிரம் சங்கங்கள் இருந்தன. இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல், அவற்றின்கீழ் ஏறக்குறைய ஏழரைக் கோடிப் பேர். இந்த வளர்ச்சிக்கு மக்களின் விருப்பத்தைவிட நகராட்சிகளின் சிக்கனம் பெரிய காரணம் என்பது என் கருத்து. எங்கள் வரவு செலவில் புல்வெட்டும் ஒப்பந்தமும் தண்ணீர்க் கட்டணமும் பாதியை விழுங்குகின்றன. அதன்பின் நீச்சல்குளம், காப்பீடு, நிர்வாக நிறுவனம், வக்கீல். கடைசியில் மிஞ்சுவதுதான் ரிசர்வ் என்னும் சேமநிதிக்குப் போகிறது.

அந்தச் சேமநிதிதான் என்னைக் கவலைப்படுத்தியது. வட டெக்சஸ் மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். குளத்தை ஒட்டிய எங்கள் தடுப்புச்சுவர் அந்த அசைவில் நகர்ந்து, ஓரிடத்தில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அதன் மேற்புறத்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் பாதை. சுவரைச் சரிசெய்ய ஒப்பந்தக்காரர்கள் கேட்ட மிகக் குறைந்த தொகைகூட எங்கள் சேமநிதியைவிட அதிகம். ஆண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்ததை எல்லோரும் நல்ல நிர்வாகம் என்று பாராட்டியிருந்தார்கள். உயர்த்தாத ஒவ்வோர் ஆண்டும் அந்த விரிசலில் சேர்ந்துகொண்டிருந்தது.

ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அதிகாலையில் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு இடிந்து 98 பேர் இறந்ததை நான் அந்த நாட்களில் மறுபடி மறுபடி படித்தேன். அது அடுக்குமாடிச் சங்கம், எங்களுடையது தனிவீடுகளின் சங்கம். ஆனால் பணத்தின் கணக்கு ஒன்றுதான். நீச்சல்குளத் தளத்தில் நீர் இறங்கி கான்கிரீட் சிதைகிறது என்று பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். சேமநிதி போதவில்லை. ஒன்றரைக் கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு உரிமையாளர்கள் பல சண்டைகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். வீட்டின் அளவைப் பொறுத்து ஒருவருக்கு 80,000 டாலரிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேல். அந்த வசூல் ஜூலை முதல் நாள் தொடங்கவிருந்தது. அடுத்த ஆண்டு ஃப்ளோரிடா, மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள அடுக்கு வீடுகளுக்குச் சேமநிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. டெக்சஸில் எங்களைப் போன்ற சங்கங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அது போர்டில் உட்கார்ந்திருப்பவர்களின் மனசாட்சியைப் பொறுத்தது.

ஆகவே 620 டாலராக இருந்த கட்டணத்தை 700 ஆக்கும் தீர்மானத்துக்கு நானும் கை உயர்த்தினேன். அந்த மாதக் கூட்டத்துக்கு அறை நிறைய ஆட்கள் வந்தார்கள். என்னைத் தங்கை என்று கூப்பிடும் அடுத்த தெரு அண்ணன் ஒருவர், "நீங்களுமா?" என்று கேட்டார். சுவரின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த நாள் நேரிலேயே போய்ப் பார்த்தார். சுவர் இப்போது புதிது.

கடிதங்களிலும் சில மாற்றங்கள் செய்தோம். எந்த மீறலுக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலை எல்லோருக்கும் முன்கூட்டியே தரவேண்டும் என்ற மாநில விதி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சமயப் பொருள், சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி, வறட்சி தாங்கும் செடி ஆகியவற்றுக்குச் சட்டம் தரும் உரிமைகளையும் அதே தாளில் முதல் பக்கத்தில் போடவேண்டும் என்று வாதாடிப் போட்டோம். நம் வீடுகளின் பின்கட்டில் நிற்கும் துளசித்தொட்டிகளுக்கு இனி யாரும் விளக்கம் எழுதவேண்டியதில்லை.

2024 வசந்தத்தில், பாக்கிக் கணக்கு ஒன்றை வக்கீலுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி போர்டுக்கு வந்தது. இரண்டு ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், தபால் செலவு. சட்டம் கேட்ட அறிவிப்புகள் அனைத்தும் அந்தந்தக் காலத்தில் அனுப்பப்பட்டிருந்தன. பதிவுத் தபால் மட்டும் பெறுவாரின்றித் திரும்பியிருந்தது. ஏட்டில் ஒரு குறையும் இல்லை. யாராவது பேசினீர்களா என்று நிறுவனத்தின் மேலாளரைக் கேட்டேன். கோப்பில் இருக்கும் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை என்றார். நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றேன். தலைவர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கதவைத் திறந்தவர் வாடகைக்கு இருக்கும் இளைஞர். உரிமையாளர் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போய் இரண்டு ஆண்டாகிறது. முகவரியைச் சங்கத்தில் மாற்றிச் சொல்லவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கடன் தவணை தானாகப் போகிறது, வரியும் அதிலேயே போகிறது, வேறென்ன இருக்கும் என்று இருந்திருக்கிறார். முன்பு எங்களுக்கு நடந்ததேதான். அவருக்கு வரும் தபால்களையெல்லாம் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது கொடுப்பதற்காக, என்று சொல்லிக்கொண்டே அந்த இளைஞர் சமையலறை இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்துவந்தார். அதில் எங்கள் சங்கத்தின் உறைகள் ஏழு இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. முத்திரைத் தேதிகளைப் பார்த்தேன். கடைசி மூன்றும் நான் போர்டுக்கு வந்த பிறகு அனுப்பியவை.

அந்த இளைஞர் அங்கேயே உரிமையாளரை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பன்னிரண்டு மாதத் தவணை கேட்டார், கொடுத்தோம்.